வெண்டைக்காய், காராமணி, மக்காச்சோள ரொட்டி: அமெரிக்கத் தென்மாநில வீட்டுச் சமையலைத் தொடங்குவோருக்கு

அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குக் குடிவந்த நம்மவர்கள் பலருக்கு அந்த மண்ணின் சமையல் என்றதும் வறுத்த கோழியும் புகையில் வாட்டிய பன்றி இறைச்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. உணவகங்களில் பெரிதாக விளம்பரப்படுத்துவது அவற்றைத்தான் என்பதால் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் ஜார்ஜியாவிலோ அலபாமாவிலோ தோட்டம் வைத்திருக்கும் ஒரு பழைய குடும்பத்தில், ஜூலை மாதத்து வாரநாள் ஒன்றில் மதிய மேசையைப் பார்த்தால், ஒரு கிண்ணம் வேகவைத்த காராமணி, வெண்ணெயில் வெங்காயத்துடன் குழைய வதக்கிய மஞ்சள் ஸ்குவாஷ் (ஒரு பூசணி வகை), மொறுமொறுப்பான வெண்டைக்காய் வறுவல், உப்பும் மிளகும் தூவிய தக்காளி வில்லைகள், நடுவில் இரும்புச் சட்டியோடு வைத்த மக்காச்சோள ரொட்டி ஆகியவைதான் இருக்கும். கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதாக இருந்தது. இந்த வாரநாள் மேசையைத் தம் வீட்டில் அமைத்துப் பார்க்க விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இதைக் கற்றது மத்திய ஜார்ஜியாவில், பக்கத்து வீட்டில் இருந்த எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம். அந்த ஊர் வழக்கப்படி அவர் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்தே எல்லோரும் அழைப்பார்கள்; பேரன் பேத்தி எடுத்தவராயினும் அதுதான் மரியாதை, நாம் பெயரோடு ‘அக்கா’ சேர்ப்பதைப் போல. மக்காச்சோள ரொட்டிக்குச் செய்முறை கேட்டபோது தம் தாயார் எழுதிவைத்த சீட்டை எடுத்துக் காட்டினார். ‘மாவு, மோர், முட்டை ஒன்று, கொழுப்பு, நல்ல சூட்டில் வேகும் வரை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் ‘எலுமிச்சை அளவு புளி’ என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே கதைதான். கைக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதவில்லை. மறந்து போகக்கூடியதை மட்டுமே எழுதினார்கள். ஆகவே குடும்பச் சீட்டு கையில் கிடைத்த புதியவருக்கு உண்மையான வேலை, அதில் எழுதாமல் விட்ட பாதியைத் தெரிந்துகொள்வதுதான். கீழே அளவுகளைத் தந்திருக்கிறேன். அவற்றைவிடக் கண்ணும் காதும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கும் இடங்களைக் கூர்ந்து படியுங்கள். ஒரு கப் என்பது எங்கும் 240 மில்லி.

தொடங்குமுன் ஒன்று. இந்தச் சமையல் நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. மக்காச்சோளமும் பூசணி வகைகளும் அந்நிலத்தின் பூர்வகுடிகளான செரோக்கி, மஸ்கோகி முதலியோர் பயிரிட்டு வந்தவை. வெண்டைக்காய், காராமணி, எள், தர்பூசணி ஆகியவை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்து சேர்ந்தவை. ஆங்கிலத்தில் வெண்டைக்காய்க்கு வழங்கும் ‘ஓக்ரா’ என்ற பெயரே நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்ததுதான். தென் கரோலினாவின் கடலோரத்தில் எள்ளை இன்றும் ‘பென்னே’ என்று மேற்கு ஆப்பிரிக்கப் பெயராலேயே அழைக்கிறார்கள். பன்றியும் கோதுமை மாவும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. இந்த மூன்றையும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் கைகளே ஒரே அடுப்பில் சேர்த்தன என்பதை மறந்துவிட்டு இதை வெறும் ‘கிராமத்துச் சமையல்’ என்று சொல்லிவிட முடியாது.

சட்டியும் மாவும்

முதலில் வாங்க வேண்டியது 10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று. டென்னசி மாநிலத்தின் சவுத் பிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1896 முதல் வார்க்கப்பட்டுவரும் ‘லாட்ஜ்’ சட்டிகள் அந்தப் பகுதியின் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய பொருள் விற்கும் இடங்களில் துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கினாலும் கவலையில்லை; துருவைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, துணியில் எண்ணெய் தொட்டு மெல்லியதாகப் பூசி, பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, ஓவனில் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 230 டிகிரி செல்சியஸில், கவிழ்த்து ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். புதுத் தோசைக்கல்லைப் பழக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. எண்ணெயை அதிகம் பூசினால் பிசுக்குப் பிடிக்கும் என்பதும், தக்காளியை அதில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் பழக்கிய பூச்சு கரையும் என்பதும் தவிர எச்சரிக்கையும் வேண்டியதில்லை. இதனுடன் மூடியுள்ள கனமான பாத்திரம் ஒன்று இருந்தால் போதும்.

மாவு வாங்கும்போதுதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். இந்தியக் கடையில் ‘கார்ன்ஃப்ளோர்’ என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச்; ரொட்டிக்கு அது உதவாது. ‘மக்கி ஆட்டா’ ஓரளவு பொருந்தும் என்றாலும் மிக நைஸாக இருக்கும். வேண்டியது ‘கார்ன்மீல்’, அதாவது தொட்டால் மெல்லிய ரவை போல் நெருடும் மக்காச்சோள மாவு. தென்மாநிலப் பழைய வீடுகள் பலவற்றில் வெள்ளை மக்காச்சோள மாவையே விரும்புவார்கள், மஞ்சளும் பழுதில்லை. அதே மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்தால் அது ‘கிரிட்ஸ்’. கல்லில் அரைத்த கிரிட்ஸ் ஒரு கப்புக்கு நான்கு கப் தண்ணீர் வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் அடிபிடிக்காமல் கிளறி, உப்பும் வெண்ணெயும் சேர்த்து இறக்கினால் காலை உணவு ஆயிற்று. நொய்க் கஞ்சி வைக்கத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பொட்டலத்தில் ‘செல்ஃப்-ரைசிங்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படியிருந்தால் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே அதில் கலந்திருக்கின்றன. இதைக் கவனியாமல் நான் இரண்டையும் மறுபடி சேர்த்துச் செய்த முதல் ரொட்டி, பார்க்க அழகாகப் பொங்கி எழுந்து, வாயில் வைத்ததும் உப்புக் கரித்துச் சோடாக் கசப்போடு நின்றது. பாட்டி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கோழிகளுக்குப் பிடிக்கும் என்றார்.

மோர் என்று சீட்டில் இருப்பது அங்கே கடைகளில் கிடைக்கும் ‘பட்டர்மில்க்’. நம் நீர்மோரைவிடக் கெட்டியாக, நன்றாகக் கடைந்த தயிர் போல ஊற்றும் பதத்தில் இருக்கும். அது இல்லையென்றால் புளித்த தயிர் முக்கால் பங்குக்குத் தண்ணீர் கால் பங்கு சேர்த்துக் கடைந்துகொள்ளலாம். புளிப்பு முக்கியம், ஏனெனில் மாவில் உள்ள சோடாவோடு வினைபுரிந்து ரொட்டியை உப்ப வைப்பது அந்தப் புளிப்புத்தான்.

மக்காச்சோள ரொட்டி

ஓவனை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றுங்கள். இரும்புச் சட்டியில் மூன்று மேசைக்கரண்டி கொழுப்பை இட்டு அதையும் உள்ளேயே வையுங்கள். பழைய வீடுகளில் பேக்கன் (உப்பிட்டுப் புகையிட்ட பன்றி இறைச்சி) வறுத்து வடித்த கொழுப்பை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து அதைத்தான் பயன்படுத்துவார்கள், சைவர்களுக்கு எண்ணெயும் சிறிது நெய்யும் போதும். ஒரு பாத்திரத்தில் மக்காச்சோள மாவு ஒன்றரைக் கப், மைதா அரைக் கப், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து, முட்டை ஒன்றும் மோர் ஒன்றரைக் கப்பும் ஊற்றிக் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கலக்குங்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து விழுந்தால் மேலே நொடிப்பொழுது நின்று பிறகு பரவ வேண்டும்.

இனிதான் சீட்டில் எழுதாத இடம். ஓவனிலிருந்து எடுத்த சட்டி புகையத் தொடங்கும் நிலையில் இருக்க வேண்டும். கொழுப்பில் ஒரு கரண்டியளவை மாவில் ஊற்றிக் கலந்துவிட்டு, மாவு முழுவதையும் சட்டியில் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். அப்போது கேட்கும் ஓசை, காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் ‘சொய்ங்’ என்னும் ஓசையாக இருக்க வேண்டும். மாவின் ஓரம் உடனே குமிழியிட்டுச் சுருள வேண்டும். ஓசை வராவிட்டால் ரொட்டி ஒட்டும், அடிப்பக்கம் வெளுத்துக் கிடக்கும். பாட்டி பக்கத்து அறையில் உட்கார்ந்தபடியே அந்த ஓசையை வைத்து என் ரொட்டி எப்படி வரும் என்று சொல்லிவிடுவார். 20 முதல் 25 நிமிடங்களில் மேலே பொன்னிறமாகி, ஓரம் சட்டியை விட்டு விலகும். எடுத்தவுடன் தட்டில் கவிழ்த்துவிடுங்கள், சட்டியிலேயே விட்டால் வியர்த்து மொறுமொறுப்பு போய்விடும்.

சர்க்கரை சேர்க்கலாமா என்று கேட்கிறீர்களா? அதைப் பற்றி அங்கே குடும்பங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நான் சர்க்கரை இல்லாத கட்சி. பயற்றுச் சாற்றில் தொட்டுக்கொள்ளும் ரொட்டி கேக்கைப் போல் இனித்தால் இரண்டும் கெட்டுப் போகிறது.

‘பிஸ்கட்’ என்று அவர்கள் சொல்வது டீயில் நனைக்கும் பிஸ்கட் அன்று. வெளியே மெல்லிய பொருக்கும் உள்ளே பஞ்சு போன்ற அடுக்குகளும் கொண்ட சிறு ரொட்டி. அதற்குச் செல்ஃப்-ரைசிங் கோதுமை மாவு இரண்டு கப், குளிர்ந்த வெண்ணெய் கால் கப், குளிர்ந்த மோர் முக்கால் கப் ஆகிய மூன்றே பொருள்கள் போதும். தெற்கில் விளையும் மென்கோதுமையில் புரதம் குறைவு என்பதால்தான் அங்கே பிஸ்கட் மெத்தென்று வருகிறது. டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-இல் தொடங்கிய ‘வைட் லில்லி’ மாவைச் சிலர் வேறு மாநிலங்களுக்குக் குடிபோன பின்னும் ஊரிலிருந்து வரவழைப்பது இதனால்தான். வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து, பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்போதே நிறுத்திவிட்டு, மோரை ஊற்றிச் சேர்த்து, இரண்டு மூன்று முறை மடித்து, முக்கால் அங்குலக் கனத்தில் தட்டுங்கள். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கே அடங்க வேண்டும். பிசையப் பிசையக் கல்லாகும். வட்டமாக வெட்டும்போது அச்சை நேராக அழுத்தி நேராக எடுங்கள், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது. ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, 475 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 245 செல்சியஸ்) 10 முதல் 12 நிமிடங்கள் வேகவிடுங்கள். வர்ஜீனியாவில் விடுதலை பெற்ற அடிமைகள் நிறுவிய ஃப்ரீடவுனில் பிறந்த சமையற்கலைஞர் எட்னா லூயிஸ் (1916–2006), கடையில் விற்கும் பேக்கிங் பவுடரின் சுவை பிடிக்காமல் க்ரீம் ஆஃப் டார்டர் என்னும் புளிப்புத் தூள் இரண்டு பங்கும் சோடா ஒரு பங்கும் கலந்து தாமே தயாரித்துக்கொண்டார். சாதாரண மாவில் பிஸ்கட் செய்வோர் இதை முயன்று பார்க்கலாம்.

பிஸ்கட்டின் மேல் ஊற்றிக்கொள்வது பெரும்பாலும் சோளப் பாகு. இது மக்காச்சோளத்தில் ஆவதன்று. நம் ஊர்ச் சோளத்தின் இனத்தைச் சேர்ந்த இனிப்புச் சோளத்தின் தண்டைக் கரும்பு போல ஆலையில் பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி எடுப்பது. பதநீர்ப் பாகை நினைவூட்டும் அந்தச் சுவைக்காகவே நான் பிஸ்கட் செய்கிறேன் என்று சொன்னாலும் தகும்.

மூன்று செடிகள்

தோட்டம் போட முதலில் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 1914-இன் ஸ்மித்-லீவர் சட்டத்தால் ஏற்பட்ட வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் கவுண்டிதோறும், நம் ஊர்க் கணக்கில் மாவட்டந்தோறும், இருக்கின்றன. சிறு கட்டணத்தில் மண்ணைப் பரிசோதித்து எவ்வளவு சுண்ணாம்பு இட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஜார்ஜியாவின் செம்மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம்.

முதல் ஆண்டில் மூன்று பயிர்களுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்: வெண்டை, காராமணி, காலர்ட் கீரை. எல்லோரும் முதலில் தக்காளிக்குத்தான் ஓடுகிறார்கள். ஈரப்பதம் மிக்க அந்தக் கோடையில் இலைப்புள்ளி நோய் வராத தக்காளியை நான் பார்த்ததில்லை. இரவுச் சூடு 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (24 செல்சியஸ்) மேல் நிலைத்துவிட்டால் பூ உதிர்ந்து காய் பிடிப்பதும் நின்றுவிடும். பனிக்காலம் முடிந்ததும் ஏப்ரலில் இரண்டு நாற்றுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஜூலைக்குள் கிடைப்பது லாபம்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, மண் நன்றாகச் சூடேறிய மே மாதத்தில் ஓரடி இடைவெளியில் ஊன்றலாம். 1939-இல் தென் கரோலினாவில் வெளியிடப்பட்ட ‘கிளெம்சன் ஸ்பைன்லெஸ்’ என்னும் வகையே இன்றும் பல தோட்டங்களில் நிற்கிறது. இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கினால் பிறகு உங்களை விடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும், மூன்று அங்குலப் பிஞ்சு மூன்று நாளில் முற்றிக் கட்டையாகிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கும் நம் வழக்கம் இங்கேயும் செல்லும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், சுணை பட்டால் அன்று முழுவதும் கை அரிக்கும்.

காராமணியை அங்கே வெறுமனே ‘பீஸ்’ என்பார்கள்; பச்சைப் பட்டாணிக்குத்தான் ‘இங்கிலீஷ் பீஸ்’ என்று அடைமொழி கொடுத்துப் பிரித்துச் சொல்வார்கள். கறுப்புக் கண்ணுடைய நம் தட்டைப்பயறு மட்டுமன்றி, ஊதாத் தோல் வகை, நெற்றுக்குள் மணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ‘கிரௌடர்’ வகை, சின்னஞ்சிறு வெள்ளை ‘லேடி’ வகை என்று பல உண்டு. மே முதல் ஜூலை வரை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். தழைச்சத்து உரம் போடவே வேண்டாம். போட்டால் கொடி மட்டும் செழிக்கும். வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்களின் உதவியால் இப்பயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்கிறது. பருத்தி போட்டுப் போட்டுச் சலித்துப்போன மண்ணை மீட்க இதைப் பயிரிடுங்கள் என்று, 1896-இல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு வந்த கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஏழை விவசாயிகளிடம் வலியுறுத்தியது இதனால்தான்.

காலர்ட் என்பது உருண்டை கட்டாத முட்டைக்கோஸ் எனலாம். யானைக்காது போன்ற நீலப்பச்சை இலை. ஆகஸ்ட் கடைசியில் நாற்றை ஒன்றரையடிக்கு ஒன்றாக நட்டு, அடியிலைகளைப் பறித்துக்கொண்டே வந்தால் குளிர்காலம் முழுவதும் கிடைக்கும். உறைபனி விழும் வரை பொறுங்கள். குளிரில் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால் கசப்புக் குறைந்து இனிப்பு ஏறும்.

பாத்திரத்தில் வேகுபவை

பச்சைக் காராமணியை உரிப்பது ஒரு மாலைப்பொழுது வேலை. திண்ணையில் நாற்காலி போட்டு, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, காலடியில் தோலுக்கு ஒரு காகிதப் பை. நெற்றின் முதுகு நரம்பைக் கிழித்துப் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் பயறு சரசரவென்று கிண்ணத்தில் விழும். ஊதாத் தோல் வகையை உரித்தால் பெருவிரல் இரண்டு நாள் ஊதாவாகவே இருக்கும். மணி முற்றாத இளம் நெற்றுகளை உரிக்காமல் பீன்ஸ் போல ஒடித்து அதிலேயே போடுங்கள், இது எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

உரித்த பயறு நான்கு கப்புக்கு ஓரங்குலம் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, புகையிட்ட பன்றித் துண்டு ஒன்றையோ, அல்லது பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் இரண்டு கரண்டி எண்ணெயையுமோ சேர்த்து, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடங்கள் வேகவிடுங்கள். உப்பைப் பாதியில் போடுங்கள். பயறு உடையாமல் குழைய வேண்டும், சாறு கலங்கிக் கெட்டிப்பட வேண்டும். குக்கரை எடுக்காதீர்கள்; விசில் சத்தத்தில் இந்தப் பதத்தைக் கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. காய்ந்த பயறென்றால் இரவு ஊறவைத்துச் செய்யலாம். அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் அது ‘ஹாப்பின் ஜான்’. ஆண்டின் முதல் நாளில் அதையும் காலர்ட் கீரையையும் சாப்பிட்டால் பணம் சேரும் என்பது நம்பிக்கை, கீரை பச்சை நோட்டுக்கு அடையாளமாம்.

கீரைக்கு, புகையிட்ட பன்றிக் கணுக்கால் ஒன்றை எட்டுக் கப் தண்ணீரில் ஒரு மணி நேரம் முதலிலேயே கொதிக்க வைப்பது மரபு. சைவத்துக்கு வெங்காயம், பூண்டு, புகைவாசமுள்ள பாப்ரிக்காத் தூள் ஒரு தேக்கரண்டி, தாராளமாக எண்ணெய். கீரை ஒரு கிலோவை மூன்று தண்ணீரில் அலசி, நடுத்தண்டை உருவிவிட்டு, இலைகளைச் சுருட்டி விரலளவு அகலத்தில் நறுக்கிப் போட்டு, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுங்கள். பச்சை நிறம் போய்விட்டதே என்று பதற வேண்டாம், ஆலிவ் நிறத்துக்கு வந்தால்தான் வெந்ததாகப் பொருள். மேசையில், சின்னப் பச்சை மிளகாய்களைப் போட்டுச் சூடான வினிகர் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்ட குப்பி ஒன்று இருக்க வேண்டும். நம் நாக்குக்கு இந்தச் சமையல் பிடிபடுவதே அந்த மிளகாய் வினிகரால்தான். கடுகு தாளித்து மஞ்சள்தூள் போடக் கை துடிக்கும். முதல் மூன்று முறை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் விருப்பம்.

கீரை வெந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குப் ‘பாட்லிக்கர்’ என்று பெயரே உண்டு; கிண்ணத்தில் ஊற்றி ரொட்டியோடு சாப்பிடுவார்கள். ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவதா என்று 1931-இல் லூசியானா ஆளுநர் ஹூய் லாங்குக்கும் அட்லாண்டாவின் கான்ஸ்டிட்யூஷன் நாளிதழ் ஆசிரியர் ஜூலியன் ஹாரிஸுக்கும் இடையே பெரிய வாக்குவாதம் மூண்டு நாடெங்கும் பேச்சாயிற்று. லாங் தோய்க்கும் கட்சி. நானும் அவ்வாறே.

சைவம் உண்போருக்கு ஓர் எச்சரிக்கை: உணவகத்தில் ‘வெஜிடபிள் பிளேட்’ என்று எழுதியிருந்தால் அது சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீரை, பயறு, பீன்ஸ் மூன்றிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டே வேகவைத்திருப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், கேட்பதுதான் நம் பொறுப்பு.

வெண்டைக்காயும் தக்காளியும்

வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, அரையங்குல வில்லைகளாக நறுக்கி, சிறிது மோரில் புரட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். கொழகொழப்பு அங்கே குறையன்று, மாவைப் பிடித்து வைக்கும் பசை. மக்காச்சோள மாவில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து அதில் உதறிப் புரட்டி, சட்டியில் அரையங்குல ஆழத்துக்குக் காய்ந்த எண்ணெயில் நெருக்காமல் போட்டுப் பொன்னிறமாக வறுத்தெடுங்கள். அடிக்கடி கிளறினால் மாவு உதிர்ந்துவிடும். மேசைக்குக் கொண்டுபோகும்போது பாதிதான் மிஞ்சும், வறுக்கும்போதே அவ்வளவு பேர் கை நீட்டுவார்கள்.

முற்றிலும் பழுத்த தக்காளிக்குச் சமையல் வேண்டாம். மெத்தென்ற வெள்ளை ரொட்டி இரண்டு துண்டில் மயோனெய்ஸைத் தடவி, விரல் கனத்தில் அரிந்த தக்காளியை வைத்து, உப்பும் மிளகும் தூவிச் சாறு ஒழுக ஒழுகச் சாப்பிடுவார்கள். 1917-இல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி விற்கத் தொடங்கிய ‘டியூக்ஸ்’ மயோனெய்ஸில் சர்க்கரை இல்லை என்பதால் அதுதான் இதற்குப் பொருந்தும். தக்காளியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு இந்த ருசியை எதிர்பார்க்க வேண்டாம்.

மஞ்சள் ஸ்குவாஷ், புது மக்காச்சோளம் இரண்டும் எளியவை. மக்காச்சோளக் கதிரில் மணிகளின் தலையை மட்டும் முதலில் சீவி, பிறகு கத்தியின் முதுகால் கதிரை அழுத்தி வழித்தால் பால் வரும். அந்தப் பாலும் மணியும் வெண்ணெயில் பதினைந்து நிமிடம் வெந்தால் தானே கெட்டியாகும்.

மிஞ்சியதைச் சேமித்தல்

ஆகஸ்டில் எல்லாம் ஒரே நேரத்தில் குவியும். தொடங்குவோருக்கு உறைபெட்டியே பாதுகாப்பு: காராமணியைக் கொதிநீரில் இரண்டு நிமிடமும் சின்ன வெண்டையை முழுதாக மூன்று நிமிடமும் போட்டெடுத்து, பனிநீரில் குளிர்வித்து, நீரை வடித்துப் பைகளில் அடைத்துவிடலாம். கண்ணாடி ஜாடியில் பதப்படுத்த விரும்பினால் மிகுந்த கவனம் வேண்டும். பயறு, பீன்ஸ், வெண்டை போன்ற அமிலம் குறைந்தவற்றை வெறும் கொதிநீரில் ஜாடி கட்டினால் உயிருக்கே ஆபத்தான பாட்யுலிசம் நஞ்சு உண்டாகலாம். அதற்கென உள்ள ‘பிரஷர் கேனர்’ என்னும் அழுத்தக் கலத்தில்தான் செய்ய வேண்டும், நம் குக்கர் அதற்கு ஈடாகாது. தக்காளிக்கும் அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது கட்டாயம். ‘பாட்டி அப்படித்தான் செய்தார்’ என்ற குடும்பச் சீட்டை நான் நம்பாத ஒரே இடம் இதுதான். நேரமும் அளவும் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கென ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய மையம் வெளியிடும் அட்டவணைப்படியே இருக்கட்டும்.

இனிப்புக்கு ஒன்று போதும். ஓவன் பாத்திரத்தில் வெண்ணெய் அரைக் கப்பை உருக்கி, செல்ஃப்-ரைசிங் மாவு, சர்க்கரை, பால் மூன்றையும் ஒவ்வொரு கப் கலந்து அதன்மேல் ஊற்றி, நறுக்கிய பீச் பழத்தை மேலே பரப்பி, எதையும் கிளறாமல் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 175 செல்சியஸ்) முக்கால் மணி நேரம் வையுங்கள். அடியில் போன மாவு பழத்தைத் தாண்டி மேலெழும்பி வந்துவிடும். இதற்குக் ‘காப்ளர்’ என்று பெயர். சீட்டே வேண்டாத செய்முறை.

இரவுக்கு மதியத்து ரொட்டி ஒரு துண்டு மிஞ்சியிருந்தால் அடுப்பை மூட்டாதீர்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் அதை உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த மோரைத் ததும்ப ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நீளக் கரண்டியால் சாப்பிடுங்கள். உப்பும் மிளகும் சிலர் போடுவார்கள். பாட்டி பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொள்வார். நான் பழைய சோற்றுப் பழக்கத்தில் ஒரு மோர்மிளகாயை வறுத்து வைத்துக்கொண்டபோது, என்ன அது என்று கேட்டு, அவரும் ஒன்றை வாங்கிக்கொண்டார்.